வால் தெரியாத செக்கர்

என் அக்கா புருஷன் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, குடிக்கக் கொடுத்த கண்ணாடி டம்ளரை வாயில் வைக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி வெளிச்சத்தில் பிடித்து, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. தண்ணீரில் எதையாவது கலந்திருக்கிறோமா என்று பார்க்கிறானோ இவன் என்று நினைத்துவிட்டார். அத்தான் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்து, "அடியில ஒரு கீறல் இருக்குங்க. சூடா எதையும் ஊத்திடாதீங்க, விரிசல் விட்டுடும்" என்றார். அவர் போன பிறகு அப்பா வேண்டுமென்றே அதில் வெந்நீர் ஊற்றிப் பார்த்தார். டம்ளர் இரண்டாகப் போயிற்று.

"பொண்ணைக் கொடுக்கலாம்" என்றார் அப்பா. "ஆனா கட்டிக்கப் போறவ காது கொஞ்சம் மந்தமா இருந்தா நல்லது."

அக்காவுக்குக் காது நன்றாகக் கேட்கும். அது அவள் தலையெழுத்து.

அத்தானுக்குப் பாட்டில் தொழிற்சாலையில் செக்கர் வேலை. நான் அதே தொழிற்சாலையில் வண்டி ஓட்டுகிறேன். செக்கர் வேலை என்றால் பெரிய வேலை என்று நினைக்க வேண்டாம். ஒரு நாற்காலி. எதிரே கண்ணைப் பறிக்கிற வெள்ளை வெளிச்சப் பலகை. நாற்காலிக்கும் பலகைக்கும் நடுவில் பெல்ட் ஓடும். பெல்ட்டில் பாட்டில்கள் கலகலவென்று வரிசையாகப் போகும். கழுத்து கோணலாக இருந்தால், அடி கனத்துப் போயிருந்தால், உள்ளே நூல் மாதிரி கண்ணாடி இழை ஓடியிருந்தால் விரலால் ஒரு தட்டு. பாட்டில் தொட்டியில் விழுந்து உடைந்து, திரும்ப உலைக்குப் போய்விடும். அவ்வளவுதான் வேலை. ஆனால் எங்கள் இடத்தில் உட்கார்ந்து செய்கிற வேலை அது ஒன்றுதான். மற்றவர்கள் எல்லாம் உலைச் சூட்டில் நிற்க வேண்டும், அல்லது சுமக்க வேண்டும். அத்தானுக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டது. அந்த நாற்காலி இல்லையென்றால் அவருக்கு வேலை இல்லை, அதுதான் கணக்கு.

அவர் பொய் சொல்ல மாட்டார். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. சிலருக்குப் படை, சிரங்கு இருப்பது மாதிரி அவருக்கு இது. பக்கத்து வீட்டில் புதுக் கதவு போட்டு, எப்படி இருக்கிறது என்று கேட்டால், "மேல் கீல் ஒரு நூல் இறங்கியிருக்கு" என்பார். என் மகள் வரைந்த யானையைப் பார்த்துவிட்டு, "கால் நாலும் ஒரே பக்கம் இருக்கே" என்றார். குழந்தை அழுதது. அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் கால் நாலும் ஒரே பக்கம்தான் இருந்தது.

இப்படிப்பட்ட மனுஷனுக்குச் சோதனை வானத்திலிருந்து வந்தது.

எங்கள் சூப்பர்வைசர் கெட்டவர் இல்லை. தொழிலாளிகள் வேலை முடிந்ததும் சீட்டாடிக் கெட்டுப் போகிறார்கள் என்று அவருக்குக் கவலை. மனமகிழ் மன்றம் என்று எங்களுக்கு ஒன்று உண்டு. அதன் சொத்து, காய் பாதி தொலைந்த ஒரு கேரம் போர்டு. அவர் மேலிடத்தில் கெஞ்சிக் கூத்தாடி, மன்றத்துக்கென்று ஒரு தொலைநோக்கி வாங்கிவிட்டார். ஆள் உயரத்துக்கு இருந்தது. நாங்கள் அதைப் பீரங்கி என்போம். ஊருக்கு வெளியே இருட்டான ஒரு மைதானத்துக்கு அதை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவேன். பொழுது சாய்ந்து ஷிப்ட் முடிந்ததும் ஒரு கூட்டம் பின்னாடியே ஏறிக்கொள்ளும். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவோம்.

முதல் நாள் நிலாவைக் காட்டினார். எல்லோரும் வாயைப் பிளந்தோம். "ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க" என்றார் சூப்பர்வைசர். "உள்ள கண்ணாடி இருக்கறதால இதுல எல்லாம் தலைகீழாத்தான் தெரியும். மேல இருக்கறது கீழ, இடது வலது." எல்லோரும் தலையாட்டினோம். நிலா தலைகீழாக இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

அதற்கு அடுத்த தடவை அவர் ஆசை பெரிதாகிவிட்டது. ஒரு கேலக்ஸியைக் காட்டப் போகிறேன் என்றார். சாதாரண கேலக்ஸி இல்லை, கோணிப் போன கேலக்ஸி. பக்கமாகப் போன இன்னொரு கேலக்ஸி பிடித்து இழுத்ததில் உருக்குலைந்து, ஒரு பக்கம் நீளமாக வால் மாதிரி பிதுங்கி நிற்கிறதாம். அதன் பெரிய படம் ஒன்றைக் கேண்டீன் சுவரில் ஒட்டினார். படத்தில் வால் இடது பக்கம் மேலே தூக்கிக்கொண்டு நின்றது.

"விபத்து வண்டி மாதிரி இருக்கு" என்றேன்.

"இடிச்சவன் நிக்காமப் போயிருக்கான் பாரு" என்றார் ஸ்டோர்க்காரர்.

அத்தான் படத்தை வெகு நேரம் பார்த்தார். "நம்ம பெல்ட்ல வந்தா தட்டிடுவேன்" என்றார்.

சூப்பர்வைசருக்கு அது பிடிக்கவில்லை. "அண்ணே, கோணலா இருக்கறதுதான் இதோட அழகு."

"இருக்கட்டும் சார். உங்களுக்குக் கோணல் பாட்டில் பத்துப் போட்டுத் தரட்டுமா?"

சூப்பர்வைசர் ஒரு விதி வைத்திருந்தார். ஸ்டூல் மேல் ஏறிப் பார்க்கிறவர் இறங்கும்போது, பார்த்ததைச் சொல்லிவிட்டுத்தான் இறங்க வேண்டும். நிலா பார்த்த அன்று யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை என்று அவர் கொண்டு வந்த ஏற்பாடு. ஆர்வத்தை வளர்க்குமாம்.

அவர்தான் முதலில் ஏறினார். கண்ணை வைத்தார். நெடுநேரம் அசையவில்லை. "அருமை" என்று சொல்லி இறங்கினார். அடுத்து ஸ்டோர்க்காரர். "ஆகா! வால் என்னா வால்! மேல தூக்கிட்டு நிக்குது சார்!" அதற்கப்புறம் யார் ஏறினாலும் வால்தான். ஒருத்தர் மயில் தோகை மாதிரி என்றார். ஒருத்தர் புகை மாதிரி என்றார். ஸ்டோர்க்காரர் சொந்தமாக ஒரு சின்னத் தொலைநோக்கி வைத்திருந்தார். அதில் நிலாவே பட்டாணி அளவுதான். அதிலும் வால் தெரிகிறது என்று அவர் அடித்துச் சொன்னார். வாலில் உட்கார்ந்திருக்கிற ஈ தெரியாததுதான் பாக்கி.

நான் ஏறினேன். கண்ணாடியில் யாரோ கட்டைவிரலை வைத்து எடுத்த மாதிரி ஒரு மங்கல். "ஏதோ கறை மாதிரி இருக்கு" என்றேன். வண்டிக்காரன் கண்ணை யார் மதிக்கிறார்கள்? சிரித்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

அத்தான் ஏறினார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறி, பாட்டிலைப் பார்ப்பது மாதிரியே பார்த்தார். இறங்கும்போது சொன்னார்: "ஒரு மங்கல் தெரியுது. வால் தெரியல."

"நல்லாப் பாருங்கண்ணே."

திரும்ப ஏறினார். திரும்ப இறங்கினார். "இல்ல."

"இடது பக்கம் மேல பாத்தீங்களா?"

"எல்லாப் பக்கமும் பாத்துட்டேன் சார். இல்ல."

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அடுத்த பார்வையிலும் இல்ல. அதற்கடுத்ததிலும் இல்ல. தொழிற்சாலை முழுக்கப் பரவிவிட்டது. ஊருக்கெல்லாம் தெரிகிற வால் செக்கருக்குத் தெரியவில்லை. உலைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? பெல்ட் பக்கம் போகும்போதெல்லாம் கையை விரித்துக் காட்டி, "அண்ணே, எத்தனை விரல்?" என்பார்கள். அவர் பாட்டிலை விட்டுக் கண்ணை எடுக்காமலே, "அஞ்சு. கட்டைவிரல் நகத்துல அழுக்கு" என்பார்.

அந்தச் சமயம் பார்த்து வெளியே போன சரக்கில் கோணல் கழுத்துப் பாட்டில் ஒன்று இருந்ததாகத் திரும்பி வந்தது. யார் ஷிப்டில் போனது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லோருடைய தலையும் ஒரே பக்கம் திரும்பியது.

சூப்பர்வைசர் அவரைக் கண் டாக்டரிடம் அனுப்பினார். டாக்டர் எழுத்துப் பலகையைக் காட்டினார். அத்தான் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு, பலகை ஒரு பக்கம் சாய்ந்து மாட்டியிருக்கிறது என்றும் சொல்லிவிட்டு வந்தார். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். சூப்பர்வைசர் தலையைச் சொறிந்தார்.

"எழுத்து தெரியுது அண்ணே. ஆனா வால் தெரியலையே. மங்கலான குறை கண்ணுக்குத் தப்புதோன்னு மேல கேக்கறாங்க. நான் என்ன சொல்ல? கொஞ்ச நாள் குடோன்ல அட்டைப்பெட்டி மடிங்க. உக்காந்தே மடிக்கலாம். அடுத்த பார்வை ஆகட்டும், பாத்து முடிவு பண்ணிக்கலாம்."

முடிவு என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். அட்டைப்பெட்டி மடிப்பது தற்காலிக வேலை. சரக்கு வந்தால் உண்டு, வராவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நாற்காலியில் அதற்குள் வேறு ஆளை உட்கார வைத்துவிட்டார்கள். மயில் தோகை என்று சொன்னாரே, அவர்தான்.

அன்று நான் அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே சத்தம் கேட்டது.

"தெரியுதுன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வெந்துடுமா? அந்த வால் வந்து உங்களைக் கேக்கப் போகுதா?"

"இல்லாததை எப்படி இருக்குன்னு சொல்றது?"

"அத்தனை பேரும் சொல்றாங்களே!"

"அத்தனை பேர் நாற்காலியிலயா நான் உக்காந்திருக்கேன்?"

"இப்ப உங்க நாற்காலியிலயே நீங்க உக்காரல!" என்ற அக்கா என்னைப் பார்த்துவிட்டாள். "டேய் தம்பி, நீயாவது சொல்லேன்டா. கல்யாணமான நாள்லேர்ந்து இந்த மனுஷன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நான் வச்ச குழம்பு நல்லாருக்குன்னு சொல்லியிருக்காரா?"

"உப்பு சரியா இருந்தா சரியா இருக்குன்னு சொல்லியிருக்கேன்" என்றார் அத்தான்.

"பாத்தியா? பாத்தியா?"

நான் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "அத்தான், எனக்கும்தான் தெரியல. சும்மா சொல்லித் தொலைங்க" என்றேன்.

அவர் முழங்காலைத் தடவிக்கொண்டார். "பாக்காததைப் பாத்தேன்னு ஒரு தடவை சொல்லிட்டேன்னு வை. அப்புறம் பெல்ட்ல உக்காந்து நான் நல்ல பாட்டில்னு விட்டா, அது நல்ல பாட்டிலா, இல்ல நான் சும்மா விட்டதான்னு எனக்கே சந்தேகம் வரும்டா" என்றார். அதற்கு மேல் பேசிப் பிரயோஜனம் இல்லை.

குடோனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது தொழிற்சாலையின் பின்பக்கம், ஜன்னல் இல்லாத நீளக் கொட்டகை. உள்ளே ஒரே ஒரு விளக்கு, அதுவும் அழுக்குப் பிடித்தது. அத்தான் மூலையில் உட்கார்ந்து நாள் முழுக்க அட்டை மடித்தார். அவர் மடித்த பெட்டி ஒவ்வொன்றும் கத்தியால் வெட்டின மாதிரி நிற்கும். முதல் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் ஒரு நாள் பெட்டி ஏற்றப் போனபோது, "டேய், கண்ணு இப்பல்லாம் எரியறதில்லடா" என்றார். "வெள்ளையா ஒண்ணு எப்பவும் கண்ணுக்குள்ள நிக்குமே, அது போயிடுச்சு." இத்தனை வருஷமாகக் கண்ணுக்குள் வெள்ளையாக ஒன்று நின்றது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பார்வை நாள் வந்தது. வழக்கத்தை விடக் கூட்டம் அதிகம். கேலக்ஸியைப் பார்க்க வந்த கூட்டம் இல்லை அது. செக்கர் என்ன சொல்லப் போகிறார் என்று வேடிக்கை பார்க்க வந்தது. அக்காவும் வண்டியில் முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டாள். வழி நெடுக அவரை முறைத்துக்கொண்டே வந்தாள். "ஒரே வார்த்தை" என்று மட்டும் அவ்வப்போது சொன்னாள்.

சூப்பர்வைசர் "அருமை" சொன்னார். ஸ்டோர்க்காரர் வால் சொன்னார். மயில் தோகைக்காரர் தோகை சொன்னார். அத்தான் ஏறினார்.

ரொம்ப நேரம் ஆயிற்று. யாரோ இருமினார்கள். ஸ்டூல் கிரீச்சிட்டது. அத்தான் ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி நகர்த்தினார். பிறகு அப்படியே நின்றுவிட்டார். எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

"இருக்கு" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "இருக்கு சார். வால் இருக்கு. மெல்லிசா, ஊதினாக் கலைஞ்சு போற மாதிரி… ஆனா இருக்கு!"

கூட்டம் கை தட்டியது. ஒருத்தன் விசில் அடித்தான். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பாடா! புத்தி வந்துச்சு" என்றாள். சூப்பர்வைசர் அவர் கையைப் பிடித்து இறக்கினார்.

"நிஜமாவே தெரியுது சார்" என்றார் அத்தான்.

"தெரியும் அண்ணே, தெரியும்" என்று சூப்பர்வைசர் அவர் தோளில் தட்டினார். அந்தத் தட்டிலேயே எல்லாம் இருந்தது.

"இல்ல சார், நெஜமா. வலது பக்கம், கீழ எறங்குது."

ஸ்டோர்க்காரர் களுக்கென்று சிரித்தார். "அண்ணே, சொல்றதுதான் சொல்றீங்க, கேண்டீன் படத்தை ஒரு தடவை பாத்துட்டு வந்திருக்கக் கூடாதா? இடது பக்கம் மேல!"

எல்லோரும் சிரித்தார்கள். கேலி கலக்காத சிரிப்புதான், அதுதான் கொடுமை. பெண்டாட்டிக்காகவும் வேலைக்காகவும் மனுஷன் கடைசியில் இறங்கி வந்துவிட்டான், பாவம், பொய்யைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை என்கிற சிரிப்பு. "பரவால்லண்ணே" என்றார் சூப்பர்வைசர். "சொல்ல வந்தீங்கல்ல, அது போதும். நாளைக்கே நாற்காலிக்கு வந்துடுங்க."

அத்தான் வாயைத் திறந்தார். அக்காவைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

திரும்பி வரும்போது அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "எவ்வளவு அழகாச் சொன்னீங்க! ஊதினாக் கலைஞ்சு போற மாதிரின்னு! இத்தனை நாள் எங்க வச்சிருந்தீங்க இந்தப் பேச்சையெல்லாம்?" என்று சொல்லிச் சொல்லிப் பூரித்தாள்.

"நான் பாத்தேன்" என்றார் அவர்.

"ஆமா ஆமா. எங்கிட்டயுமா?"

அவளை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் பீரங்கியை மன்றத்தில் இறக்க நானும் அத்தானும் மட்டும் போனோம். ஒரு கை பிடித்துத் தூக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

"அத்தான்! இதுல எல்லாம் தலைகீழாத்தானே தெரியும்? படத்துல இடது மேலன்னா, இதுல…"

"வலது கீழ" என்றார் அவர். "மெதுவாத் தூக்கு, சுவத்துல இடிக்கும்."

"அப்ப அவங்க எல்லாரும் பாத்தது குழாயில இல்ல, கேண்டீன் சுவத்துல! அங்கயே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா?"

"சொன்னா… நீங்கதான் நெஜமாப் பாத்தீங்கன்னு தெரிஞ்சிருக்கும்."

"அவங்க யாருமே பாக்கலன்னும் தெரிஞ்சிருக்கும். சூப்பர்வைசர் உள்பட." பீரங்கியை மூலையில் சாய்த்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். "எனக்கு நாற்காலி வேணும்டா."

அப்படியாக, வாழ்க்கையில் பொய்யே சொல்லாத என் அத்தான், உண்மையைச் சொல்லிப் பொய்யர் என்று பெயர் வாங்கி, அந்தப் பெயரால் வேலையைத் திரும்ப வாங்கினார். இப்போது தொழிற்சாலையில் அவருக்கு முன்னைவிட மரியாதை. நம்மைப் போல ஒருத்தர் என்று எல்லோருக்கும் ஒரு நிம்மதி. உலைக்காரர்கள் விரல் காட்டுவதில்லை. அக்கா குழம்பை வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பாள். அவர் "உப்பு கம்மி" என்பார். "அங்க மட்டும் அழகாப் பேச வருது" என்று அவள் முணுமுணுப்பாள்.

இதற்குப் பிறகு ஒரு நாள் பெல்ட் பக்கம் தள்ளுவண்டியோடு நான் நின்றிருந்தேன். சூப்பர்வைசர் வந்து அத்தானின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். பாட்டில்களைப் பார்ப்பது மாதிரி நின்றார். பெல்ட் சத்தத்தில் கொஞ்சம் உரக்கத்தான் பேச வேண்டியிருந்தது.

"அண்ணே… அன்னிக்கு, அந்த வால். நெஜமாவே தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது சார்."

"கீழயா?"

"கீழ."

நிலாவைக் காட்டிய அன்று தான் சொன்னது அவருக்கு எப்போதோ ஞாபகம் வந்துவிட்டிருக்கிறது. "மொதல்ல தெரியலன்னீங்களே. அப்புறம் எப்படித் தெரிஞ்சுது?"

"தெரியல சார். நாளெல்லாம் இந்த வெளிச்சம். அப்புறம் குடோன்ல இருட்டுல பெட்டி மடிச்சேன். வேற ஒண்ணும் பண்ணல." விரலால் ஒரு தட்டுத் தட்டினார். கோணல் பாட்டில் ஒன்று தொட்டியில் விழுந்து நொறுங்கியது. சூப்பர்வைசர் திடுக்கிட்டு, போய்விட்டார்.

அடுத்த பார்வைக்குச் சில நாள் முன்னால், பெட்டி ஏற்றக் குடோனுக்குப் போனேன். உள்ளே அந்த ஒரு விளக்கும் இல்லை. தடவித் தடவிப் போனால், மூலையில் யாரோ தரையில் உட்கார்ந்து அட்டை மடிக்கிற சத்தம்.

"யாரது? லைட் போடவா?"

"போடாத! போடாத!" என்றது சூப்பர்வைசர் குரல்.

கண் பழகின பிறகு பார்த்தேன். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தலையெல்லாம் அட்டைத் தூசியோடு உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் அவர் மடித்த பெட்டிகள். ஒன்றாவது நேராக நிற்கவில்லை.

"சார், எல்லாம் கோணலா இருக்கே."

"செக்கர்கிட்ட மட்டும் காட்டிடாதே" என்றார்.

நான் காட்டவில்லை. பார்வை அன்று வழக்கம் போல அவர்தான் முதலில் ஏறினார். கண்ணை வைத்தார். என்றைக்கும் இல்லாத அளவு நின்றார். கூட்டம் "அருமை"க்காகக் காத்திருந்தது. ஸ்டோர்க்காரர் தன் வாலைத் தயாராக வைத்திருந்தார்.

சூப்பர்வைசர் இறங்கினார். அவரே வைத்த விதி, சொல்லாமல் இறங்க முடியாது. ஒரு காலை ஸ்டூலிலேயே வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். அப்புறம் அத்தானை மட்டும் பார்த்தார்.

"எனக்குத் தெரியல" என்றார்.

ஸ்டோர்க்காரர் மெல்ல, "எனக்கும் இன்னிக்குக் கொஞ்சம் மங்கலாத்தான்…" என்று ஆரம்பித்தார்.

அத்தான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஸ்டூலுக்குப் போனார். போகிற போக்கில் சூப்பர்வைசர் காதோரம் குனிந்து சொன்னார்:

"இன்னும் கொஞ்ச நாள் மடிங்க சார்."